பொன்னுத்தாய் எங்களோடு வந்தாள்

அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் என் வீட்டுக்காரர் இருமியபோது துண்டில் ரத்தம் பட்டது. மதுரை டாக்டர், நெஞ்சில் ஆபரேஷன் செய்ய வேண்டும், சித்திரையைத் தாண்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்தது அருப்புக்கோட்டை வீடு ஒன்றுதான். அதை விற்றால்தான் அவர் பிழைப்பார்.

மிளகாய், மல்லி வியாபாரிகள் நிறைந்த தெரு எங்களுடையது. அங்கே வீட்டு விலை ஏறாது, இறங்காது. விலைக்கு வந்த வீடு பத்து நாளில் கைமாறிவிடும். "வெள்ளையடிச்சு வைங்கம்மா, நான் ஆள் கூட்டியாறேன்" என்றார் தரகர்.

முதலில் காரியாபட்டியிலிருந்து ஒரு வியாபாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். நல்ல உச்சிவெயில். அந்த அம்மா உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க மக ஏன் செவத்தப் பாத்து உக்காந்திருக்கு? கூப்புட்டாலும் திரும்ப மாட்டேங்குது" என்றார். எங்களுக்குப் பிள்ளையே கிடையாது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அறை காலியாக இருந்தது. அவர்கள் அதன் பிறகு வரவில்லை.

அடுத்த வாரம் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் வந்தார். முன்னே வந்தவர்களை அவருக்குத் தெரியவே தெரியாது. அவரும் உள்ளறை வாசலில் நின்றுவிட்டார். "பிள்ள அழுகுதும்மா. மொதல்ல அதப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். உள்ளே போனேன். யாரும் இல்லை. ஆனால் புதிதாக அடித்த சுண்ணாம்பு ஓர் இடத்தில் மட்டும் உதிர்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளையின் நெற்றி முட்டுகிற உயரம்.

அப்போதுதான் என் வண்டவாளம் எனக்கே உறைத்தது. என் வீட்டுக்காரரின் அக்கா பொன்னுத்தாய், ஒன்பது வயதில் அம்மை கண்டு இறந்தவள். கன்னியாகப் போன பிள்ளையை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அவள் பாவாடையும் வளையலும் ஓர் ஓலைப்பெட்டியில் உள்ளறையில் தொங்கும். வீட்டை விற்றால் அவளிடம் சொல்லி, பெட்டியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நானோ பெரிய கெட்டிக்காரியாக, கன்னிப் பெட்டியைக் கண்டால் வாங்குகிறவர்கள் தயங்குவார்கள் என்று, வெள்ளையடிக்கும் முன்பே அதை எடுத்துத் தொழுவத்தில் அடுப்பெரிக்க வைத்திருந்த பருத்திமார்க் குவியலுக்குள் செருகிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவரிடம் அழுதபடி சொன்னேன். அவர் திட்டவில்லை. "அக்காவுக்கு இருட்டுன்னா பயம்டி" என்றார். அவ்வளவுதான். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை தலைமுழுகி, பெட்டியைப் பழைய இடத்தில் தொங்கவிட்டு, விளக்கேற்றினேன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டேன். வெள்ளை வந்தால் சம்மதம். "வீடு விக்கணும், மதினி" என்று வேண்டி ஒன்றை எடுத்தேன். சிவப்பு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அங்கேயே கிடந்தேன். பொழுது சாயும்போதுதான் புரிந்தது. வீட்டை விற்கக் கேட்டேனே தவிர, அவளை வரச் சொல்லிக் கேட்கவில்லை. "மதினி, தப்புப் பண்ணிட்டேன். ஒங்கள விட்டுட்டுப் போக மாட்டோம். எங்களோட வாங்க" என்று கதறிவிட்டு மறுபடி எடுத்தேன். வெள்ளைப் பூ.

மூன்றாம் நாள் ராவுத்தர் தானாகவே வந்தார். "மனசு கேக்கலம்மா, இன்னொரு தடவ பாத்துக்கிறேன்" என்றார். உள்ளறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். "இப்ப நல்லா இருக்கு. பேசி முடிச்சிருவோம்" என்றார். அந்த வாரமே பத்திரம் பதிந்தது.

சித்திரையில் மதுரைக்கு பஸ் ஏறினோம். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில், மடியில் பெட்டி. கண்டக்டர் இரண்டு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்தார். நாங்கள் இரண்டு பேர்தானே என்றேன்.

"அப்ப ஒங்க மடியில படுத்திருக்க பிள்ளைக்கி?" என்றார்.

காசைக் கொடுத்தேன். பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டு வருஷமாகிறது. அவர் மதுரையில் போட்ட சின்னக் கடையில் உட்கார்ந்து இன்றைக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். நான் சாமியிடம் கெட்டிக்காரத்தனம் காட்டுவதை விட்டுவிட்டேன். வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறேன். கன்னியைக் கும்பிடும் என் சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் எது கேட்பதானாலும் நம்பிக் கேளுங்கள். அதற்கு முன்னால், கூட வரச் சொல்லிக் கூப்பிடுங்கள். பஸ்ஸில் போவதாக இருந்தால், அரை டிக்கெட்டை நீங்களே கேட்டு வாங்கிவிடுங்கள்.