பச்சை தீர்ந்த அன்று வைத்த பஸ் ஸ்டாப்

எங்கள் கட்டடத்தில் அவளுக்குக் குட்டிமரம் என்று பெயர். ஆள் என்னவோ வாசல் நிலையில் தலை குனிந்துதான் நுழைவாள், அவ்வளவு உயரம். மாடியில் ஒத்திகை பார்க்கும் நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. ஸ்பாஞ்சைப் பிய்த்து, பச்சைச் சாயத்தில் முக்கி, கம்பியில் குத்தி, விரல் நகத்தளவு மரங்களை ஜன்னல் கட்டை முழுக்கக் காயவைத்திருப்பாள். வீடு கட்டி விற்கும் கம்பெனிகளுக்கு மாடல் செய்து கொடுப்பது அவள் தொழில். நானூறு வீடு வரப்போகும் இடத்தை ஒரு கட்டில் அகலத்துக்குச் சுருக்கி, தெரு, விளக்குக்கம்பம், மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி வரை வைத்து, கண்ணாடிப் பெட்டி போட்டு அனுப்புவாள். வாங்க வருகிறவர்கள் அதைக் குனிந்து பார்க்கும்போதே பாதி மனதைக் கொடுத்துவிடுவார்கள்.

நான் அவளுக்குப் பக்கத்து அறை. துணிப்பையிலும் பேனரிலும் எழுத்து அச்சடிக்கிறவன். கட்டடம் ஒரு காலத்தில் பிஸ்கட் தொழிற்சாலையாக இருந்தது. அடுப்பு அணைந்து இருபது வருஷம் ஆகியும் வெயில் ஏறினால் சுவரிலிருந்து வெனிலா வாசனை வரும். ஊருக்கு நடுவில் பதினோரு அறைகள், உயரமான கூரை, சாயம் கொட்டினாலும் சத்தம் போட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. வீட்டில் இடமில்லாதவர்களும், இடமிருந்தும் திட்டு வாங்குகிறவர்களும் அங்கேதான் வந்து சேர்ந்தோம். அவள் பதினான்கு வருஷம் ஏழாம் அறையில் இருந்தாள். அறையோடு வந்த பழைய மேசை ஒன்று, பிஸ்கட் மாவு தேய்த்தது, ஒரே பலகை. பிரசவத்துக்கு முந்தின நாள் வரை அதன் முன்னால் உட்கார்ந்து அட்டை வெட்டினாள். அப்புறம் மகளையும் அதன் மேலேயே தூங்கவைத்தாள்.

"இந்த ரூம் இல்லேன்னா எனக்குக் கை இல்லாத மாதிரிண்ணா" என்பாள். அலட்டலுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவள்.

அந்த மாடல் வேலை வந்தபோது மகளுக்கு எட்டு வயது. ஊர் எல்லை தாண்டி, சுற்றுச்சாலையும் தாண்டி, நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் முடிந்து ஒரு மூலை மட்டும் மிஞ்சியது. பிளானில் அங்கே எதுவும் போட்டிருக்கவில்லை, வெறும் கட்டம். மாடல் செய்கிறவர்கள் வெறும் இடம் விடவே மாட்டார்கள். பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போய் விழும். வழக்கமாக நாலு மரம் நட்டு மூடிவிடுவாள். அன்று பார்த்துப் பச்சை ஸ்பாஞ்ச் தீர்ந்துபோயிருந்தது, மறுநாள் காலை பெட்டியைத் தூக்க வண்டி வருகிறது. மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் துண்டை வளைத்து ஒரு பஸ் ஸ்டாப் செய்தாள். முன்னால் சிவப்பாக ஒரு பஸ்ஸை நிறுத்தினாள். பள்ளி விடுமுறையென்று கூட வந்திருந்த மகள், அரிசி அளவு பொம்மை ஒன்றுக்கு மஞ்சள் சட்டை தீட்டித் தானே ஒட்டினாள்.

"இது நான். அம்மாவுக்காக நிக்கிறேன்."

"சரி நில்லு. நகராத, பசை காயட்டும்" என்றாள் இவள். நான் அப்போது டீயோடு வாசலில்தான் நின்றிருந்தேன், சிரித்தேன்.

அன்று மாலை கணவன் அவளை அழைத்துப்போக வந்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், பொறுமைசாலி. அவர்கள் இருந்த வாடகை வீட்டை அப்போதுதான் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள், நடந்து வரும் தூரத்தில் வேறு வீடு அகப்படவில்லை. அவன் மாடலைச் சுற்றிச் சுற்றி வந்தான். பஸ் ஸ்டாப் முன்னால் வந்ததும் முழங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டான்.

"பஸ்ஸே உள்ள வருதா? அப்ப உனக்கும் எனக்கும் பிரச்சினையே இல்லியே. நாமளே ஒண்ணு பாத்தா என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த மாலை டீயைப் பார்த்தேன். அந்த பஸ் ஸ்டாப் பிளானில் இல்லை என்று அவளாவது அன்று சொல்லியிருக்கலாம், நானாவது சொல்லியிருக்கலாம். நானூறு குடும்பம் வந்தால் பஸ் தானாக வந்துவிடாதா என்று அவள் நினைத்தாள். நான் அடுத்தவன் குடும்ப விஷயம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அங்கேயே வீடு வாங்கி, கட்டி முடிந்ததும் போனார்கள். நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே அச்சு, ஒரே வெள்ளை. பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். பஸ் வரவில்லை. கம்பெனியைக் கேட்டால் அரசு விடவேண்டும் என்றார்கள், அரசு அலுவலகத்தில் கேட்டால் அப்படி ஒரு தடமே கிடையாது என்றார்கள். மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடை, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் கட்டடம். இருட்டோடு கிளம்பினால் பத்து மணிக்கு வந்து சேருவாள், நாலு மணிக்கெல்லாம் மறுபடி கிளம்புவாள். வேலை செய்கிற நேரத்தைவிடப் போய்வருகிற நேரம் கூடிவிட்டது. பஸ் குலுங்கிக் குலுங்கிக் கை நடுங்கும். அந்தக் கையோடு உட்கார்ந்து விளக்குக்கம்பம் நிறுத்துவாள், அது சாயும், பிடுங்கிவிட்டு மறுபடி நிறுத்துவாள்.

மகள் பள்ளி விட்டதும் அந்த மூலையில் போய் நின்றுகொள்வாள். ஒரு கம்பம்கூட இல்லாத புழுதித் தரை அது. மாடலில் தான் நின்ற இடம் என்பதால் அங்கே நிற்பாள், அம்மா தூரத்தில் நடந்து வருவது தெரியும்வரை. அவள் சொல்லிச் சொல்லி ஊரே அந்த மூலையைப் பஸ் ஸ்டாப் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் மழையில் இரண்டு மணி நேரம் நின்று காய்ச்சலில் விழுந்தாள். மறுநாள் இவள் என் அறைக்கு வந்து, காலி மை டப்பாவின் மேல் உட்கார்ந்து, அழுதாள்.

"ரூமை விட்டுடேன். வீட்ல வெச்சுப் பண்ணு" என்றேன்.

"அங்க யாருண்ணா வேலை குடுக்க வருவா? கடையாவது கண்ணியாவது இருக்கா? பிளேடு உடைஞ்சா ஒரு பிளேடு வாங்க நான் இங்கதானே வரணும்."

அவளுக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்கவேண்டாம். கட்டடத்தில் பாதிப் பேர் அதற்குள் ஊருக்கு வெளியே ஆளுக்கொரு திசையில் வீடு பார்த்துப் போயிருந்தார்கள். மாடி நாடகத்தில் கதாநாயகன் சாகிற காட்சி வர ஏழரை ஆகும். அவனுடைய கடைசிப் பஸ் ஏழு இருபதுக்கு. ஆறு மாத ஒத்திகையில் அவன் ஒருநாளும் சாகவில்லை. கடைசியில் நாடகமே செத்தது.

பிறகு எங்கள் கட்டடமே கைமாறியது. வாங்கியது யாரென்று நினைக்கிறீர்கள், அதே வீட்டுக் கம்பெனிதான். இடித்துவிட்டு அடுக்குமாடி வரப்போகிறதாம். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அந்த வாரமே விற்பனை மேலாளர் ஏழாம் அறைக்கு வந்தார். மெதுவாகப் பேசும் மனிதர், நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான், எனக்கு எல்லாமே கேட்கும்.

"முன்பக்கம் ரெண்டு ரூமை மட்டும் இடிக்காம விடறோம் மேடம், எங்க ஷோரூமுக்கு. மாடல் செய்யறவங்க கூடவே இருந்தா எங்களுக்கும் வசதி. உங்க ரூம் உங்களுக்கே."

"நிஜமாவா சார்?"

"ஒரு சின்ன திருத்தம் மட்டும் இருக்கு. பிளான்ல இல்லாத ஒண்ண அன்னைக்கு வெச்சிட்டீங்க. ஞாயித்துக்கிழமை அங்க குடியிருக்கிறவங்கள்லாம் ஆபீசுக்கு வராங்க, மாடல்ல பஸ் ஸ்டாப்பக் காட்டித்தானே வித்தீங்கன்னு கேக்கப்போறாங்க. அதுக்குள்ள எடுத்துடுங்க."

அவர் சொன்னது சரிதான். அந்த ஆபீசில் படம் எடுக்கக் கூடாதென்று பலகை மாட்டியிருந்தார்கள். மாடலை விட்டால் அவர்களுக்கு வேறு சாட்சி கிடையாது. விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் திரட்டுகிறவனே அவள் கணவன். "எங்கள் பஸ் எங்கே" என்று பேனர் அடிக்க என்னிடம்தான் கொடுத்திருந்தான். அது அந்த நேரம் என் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

மேலாளர் போனதும் அவள் வந்து நின்றாள்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்கண்ணா?"

என் அறை எப்படியும் போகப்போகிறது. பெரிய மனிதனாகப் பேச எனக்கு நல்ல வாய்ப்பு. ஆனாலும் பொய் வரவில்லை. "எடுத்துடுவேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை ஆபீசுக்குப் போய் எடுத்துவிட்டாள். பஸ்ஸைப் பெயர்த்தாள், ஸ்டாப்பைப் பெயர்த்தாள், பசைத் தடத்தைச் சுரண்டினாள், அந்த இடத்தில் பதினோரு மரம் நட்டாள். இந்தத் தடவை பச்சை போதுமான அளவு இருந்தது. மஞ்சள் சட்டைப் பொம்மையை மட்டும் குப்பையில் போட மனம் வராமல் பிளேடு டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேனரைக் கொடுக்க நானும் போனேன். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். மேலாளர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஒரு குச்சியால் அந்த மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"நல்லாப் பாருங்க. மரம்தான் இருக்கு. முதல்லேர்ந்தே மரம்தான்."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவன் சிரித்தான். அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு.

"சார், இத செஞ்சதே என் வீட்டம்மா. இவ மேசையிலயே நான் பாத்திருக்கேன்." அவள் பக்கம் திரும்பினான். "சொல்லு. பஸ் ஸ்டாப் இருந்துச்சுல்ல?"

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலாளர் அவளைப் பார்க்காமல் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் காலுக்கு நடுவில் புகுந்து மகள் முன்னால் வந்துவிட்டாள். விரலால் ஒவ்வொரு மரமாக விலக்கிப் பார்த்தாள்.

"அம்மா, நான் எங்கம்மா? இங்கதானே நின்னேன்?"

அவள் மறுபடி கேட்டாள், இந்தத் தடவை அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட குரலில். குட்டிமரம் கைப்பையைத் திறந்தாள், டப்பாவைத் திறந்தாள், மஞ்சள் பொம்மையை எடுத்து மகள் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன். நேத்து. அங்க பஸ் ஸ்டாப் இருந்தது நிஜம். வெச்சதும் நான்தான். பிளான்ல இல்ல, பச்சை தீந்துபோச்சுன்னு நானா வெச்சேன்."

அவள் சொன்ன உண்மையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. "பாத்தீங்களா, பிளான்ல இல்லேன்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் மேலாளர், குரலை உயர்த்தாமல். கூட்டத்தின் கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. வைத்தவளும் இவள், எடுத்தவளும் இவள். பக்கத்து வீட்டுப் பெண்மணி, தினமும் இவள் மகளுக்குக் கதவு திறந்துவிடுகிறவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். கணவன் கத்தவில்லை. பேனரை நாலாக மடித்தான், மறுபடி பிரித்தான், மறுபடி மடித்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வீடு பாக்கலாம்னு சொன்னப்போ உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது?"

திங்கட்கிழமை ஏழாம் அறைக்கும் காலி செய்யும் கடிதம் வந்தது. ஷோரூமுக்கு இடம் போதவில்லையாம். மேசையை என்ன செய்வது என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

நான்தான் வண்டி பேசி அவளோடும் மேசையோடும் போனேன். அவள் பின்னால் மேசையைப் பிடித்தபடி வந்தாள், நான் டிரைவர் பக்கத்தில். வழி கேட்டுப் போன் செய்தால் கணவன், "பஸ் ஸ்டாப் தாண்டி இடதுபக்கம்" என்றான். டிரைவர் இரண்டு முறை வட்டம் அடித்தார். "பஸ் ஸ்டாப்னாங்களே, எங்க சார் அது?" என்றார். புழுதியில் மகள் நின்றுகொண்டிருந்தாள், அவளைக் காட்டினேன்.

மேசை வீட்டுக்குள் போகவில்லை. வாசலைத் தாண்டியதும் சுவர், திருப்ப இடமில்லை. சாய்த்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம், டிரைவர் கையை உதறிவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டின் ஒவ்வோர் அளவும் அவளுக்கு மனப்பாடம், நானூற்றுப் பன்னிரண்டு தடவை வெட்டியவள்.

"நுழையாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்ணா. அங்க விட்டுட்டு வர முடியல."

வண்டி போய்விட்டது. மேசை தெருவில் கிடந்தது. மகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"அம்மா, இனிமே நீ அந்த ரூமுக்குப் போகவே மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப நான் அங்க போய் நிக்க வேணாமா?"

"வேணாம். அம்மா இனிமே வீட்லதான்."

குழந்தை கை தட்டிச் சிரித்தது. அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. குட்டிமரமும் சிரிக்கப் பார்த்தாள். முடியாமல், மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த நீளமான உடம்பை மடித்துத் தெருவிலேயே உட்கார்ந்தாள்.