அப்பாவின் பேட்டரியில் ஓடிய இருபதாவது ரேஸ்

சூடேறிய பழைய டிவிக்கு ஒரு மணம் உண்டு. வெயிலில் காய்ந்த தூசும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி... அந்த மணம் வந்தால் கேம் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. எனக்குப் பதினான்கு வயது. வீடு திருக்கடலூர்க் கடற்கரைக்குப் பக்கத்தில். பாட அட்டவணையை விடக் கரண்ட் வெட்டு அட்டவணைதான் எங்களுக்கு நன்றாகப் பாடம்.

மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பழைய கேம் மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஒரேயொரு கார் ரேஸ். மெமரி கார்ட் இல்லை. கேட்டபோது அப்பா, "ஞாபகம் வைக்கிறதுக்கும் காசா? உன்ர மண்டைக்குள்ள வையடா" என்று முடித்துவிட்டார்.

ஆகவே மெஷினை அணைத்தால் எல்லாம் போச்சு. மறுநாள் முதலாவது ரேஸிலிருந்து தொடங்க வேண்டும். மொத்தம் இருபது ரேஸ். கரண்ட் ஒருநாளும் எங்களைப் பதினைந்தைத் தாண்ட விட்டதில்லை.

எங்களை என்றால், என்னையும் பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்த ரம்சியையும். ரேஸில் அவன் பிரேக் பிடிக்கவும் மாட்டான், இளைப்பாற ஒரு பிரேக் எடுக்கவும் மாட்டான். அவனுடைய நானா, அதாவது அண்ணன், டிவி, ரேடியோ திருத்துபவர். ஒரு சனிக்கிழமை காலை ரம்சி இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் ஒளித்து இன்வேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். பேட்டரியில் கொழுவினால் டிவி ஓடும்.

"நானாக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏன் மச்சான் சாரத்துக்குள்ள வருது?"

பேட்டரி எங்கள் சமையல் குசினி மூலையில் இருந்தது. அப்பாவின் போட் பேட்டரி. எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும், கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். இரவில் கணவாய் மீன் பிடிக்கிற லைட்டுக்கும் ஜி.பி.எஸ்ஸுக்கும்தான் பேட்டரி. அன்று பின்னேரம் கடலுக்குப் போவதற்காக முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார்.

அப்பா மண்ணெண்ணெய் வரிசையில், மூன்றாவது நாள். அம்மா கேஸ் வரிசையில். வீட்டில் நாங்களும் பேட்டரியும்.

இடையில் மாற்றினால் மெஷின் அணைந்துவிடும் என்பதால் முதல் ரேஸிலிருந்தே பேட்டரியில் ஓடினோம். கரண்ட் போனது. நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். பதினாறு... பதினேழு... இருபதாவது ரேஸில் கடைசி வளைவில் முந்தி, முதலாவதாக வந்தோம்.

பிறகு கேம் செய்தவர்களின் பெயர்கள் திரையில் மேலே போகத் தொடங்கின. அதையும் விடவில்லை. பாதிப் பெயர்கள் போவதற்குள் இன்வேட்டர் 'கீக் கீக்' என்று கத்தி, படம் சுருங்கி, எல்லாம் அணைந்தது.

பின்னேரம் கரைக்குப் போனேன். அப்பாவும் சித்தப்பாவும் கிடைத்த மண்ணெண்ணெயையும் பேட்டரியையும் ஏற்றிவிட்டு, போட்டைத் தள்ளத் தயாராக நின்றார்கள்.

"அப்பா, பேட்டரியில சார்ஜ் இல்ல."

அப்பா சிரித்தார். "ஓமடா. முந்தநாள் எஞ்சினைக் களவெடுத்துட்டாங்கள் எண்டாய். அதுக்கு முதல் போட்டில ஓட்டை எண்டாய்."

"இல்லையப்பா, இது உண்மை."

"உன்ர வாயில உண்மையா? இஞ்ச பார்." ஒரு வயரால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டு எடுத்தார். பொறி பறந்தது. "பாத்தியா? போ, போய்ப் படி."

வெறுமையான பேட்டரியும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் ஒரு பொறிக்கு மட்டும் தெம்பு சேர்த்துக்கொள்ளும். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்கே நிம்மதியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அன்றிரவு நன்றாகவே தூங்கினேன்.

காலை ஆறு மணிக்கு மற்ற போட்டுகள் வந்தன. ஏழாயிற்று, எட்டாயிற்று. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ரம்சியிடம் சொன்னேன். அவன் மணலில் குந்தியிருந்து கடலையே பார்த்தான்.

பத்து மணிக்கு அப்பாவின் போட் வந்தது. ஐஸ் பெட்டியில் ஐஸ் தண்ணீர் மட்டும்.

சித்தப்பாதான் கதைத்தார். "லைட் ஒரு மணித்தியாலம்கூட எரியேல்லடா. ஜி.பி.எஸ்ஸும் செத்துப் போச்சு. எங்க நிக்கிறம் எண்டு தெரியாம விடியும்வரைக்கும் நங்கூரம் போட்டுக் கிடந்தம். இருட்டுக்குள்ள பெரிய றோலர் படகு ஒண்டு எங்கட போட்டுக்கு மேல ஏறுற மாதிரி வந்துது. போன் லைட்டைக் காட்டிக் காட்டிக் கத்தினனாங்கள்."

அப்பா பேட்டரியை என் காலடியில் வைத்தார். "கொண்டுபோய்ச் சார்ஜில போடு." அவ்வளவுதான். அடித்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும்.

மறுநாள் யாரும் சொல்லாமலே மண்ணெண்ணெய்க் கானை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். பொழுதுபோக்குக்கு எவ்வளவு செலவாகும் என்று யாராவது கேட்டால், எனக்கு ஞாபகம் வருவது மாமா தந்த மெஷினின் விலை அல்ல. அந்த வரிசைதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் அப்பா ஒரு இனிப்புப் பணிஸும் பால் விடாத பிளேன்டீயும் கொண்டுவந்தார். நான் குடித்து முடியும்வரை பக்கத்தில் நின்றார்.

"அதில வெண்டனியா?"

"எதிலப்பா?"

"அந்தக் கார் ஓட்டத்தில."

"ஓம்."

"எத்தினையாவது?"

"முதலாவது."

"ம்... பணிஸைத் தின்."

இப்போது எனக்குப் பதினெட்டு. கரண்ட் இருக்கிறது. போனில் கேம்கள் சும்மாவே கிடைக்கின்றன. விட்ட இடத்தைத் தாங்களே ஞாபகம் வைத்திருக்கின்றன. ரம்சி கொழும்பில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைகளில் ஒன்லைனில் சேர்ந்து விளையாடுவோம். பாதியில், "கஸ்டமர் வந்திட்டார் மச்சான்" என்று போய்விடுவான். நானும் அணைத்துவிடுவேன். நாளைக்கும் அது அப்படியே இருக்கும் என்பதால் அவசரமில்லை. பதினொரு கேம் வைத்திருக்கிறேன். ஒன்றையும் முடித்ததில்லை.

அப்பா சில வேளை பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். எத்தனையாவது என்று கேட்பதில்லை.