பன்னிரண்டாவது கல்

அன்றைக்கு வேதக்கோயில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: எங்கள் சபைப் போதகரான ஐயர், அவர் மனைவி ஐயரம்மா, பருத்திக்காட்டுக் கூலிக்குப் போகும் ஒரு கைம்பெண், தையற்காரனான நான். மேசைமேல், வேதத்தில் வரும் முதல் பிரதான ஆசாரியன் ஆரோனுடையதைப் போல நான் தைத்த உடுப்பு கிடந்தது.

பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் சொல்ல ஐயர் கேட்ட உடுப்பு அது. மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கல். கல்லுக்கு ஒரு கோத்திரத்தின் பேர். “ஆசாரியன் தனியா சந்நிதிக்குள்ள போறதில்ல. சனங்க பேரையெல்லாம் நெஞ்சுமேல சுமந்துட்டுத்தான் போறான்” என்பார் ஐயர். எங்கள் சபையிலும் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு இரண்டணா வாங்கி, பெரிய கடைவீதியில் கண்ணாடிக் கல் எடுத்துப் பதித்து, பின்புறத் துணியில் பேர் தைப்பது என் பொறுப்பு. கடைசியாகக் காசு தந்தது அந்தக் கைம்பெண் அம்மாதான். தன் பேர் வேண்டாம், ஆனைமலை எஸ்டேட்டுக்குப் போய் எட்டு மாதமாகக் கடிதம் போடாத மகன் பேரைத் தைக்கச் சொன்னார்.

ஐயர் பருத்தி மில் துணியோடு நீலம், ஊதா, சிவப்புக் கம்பளி நூலும் கொடுத்திருந்தார். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். எழுத்துக்கூட்டி வேதம் படிக்கையில், ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்து உடுத்தக் கூடாதென்று ஓரிடத்தில் கண்டேன். பஞ்சு என்றால் எங்கள் ஊருக்குத் தெரியாததா? இந்த உடுப்பால் சபைக்கு ஏதாவது வந்துவிட்டால்? யாரையும் கேட்கவில்லை. கம்பளி நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, கையிலிருந்த அந்த அம்மாவின் காசுக்குச் சாயமேற்றிய பருத்தி நூல் வாங்கிவிட்டேன். கூலி வந்ததும் கல் வாங்கிக்கொள்ளலாம் என்று, பன்னிரண்டாவது இடத்தில் ஒரு பொத்தானைப் பச்சைப் பட்டால் மூடித் தைத்தேன். பொய்க் கல்லுக்குப் பின்னால் பேர் தைக்கக் கை வரவில்லை.

“ஏனுங் தம்பி, என்ற பையன் கல்லு எதுங்க?” என்று அன்றைக்கு மேசையருகே வந்து கேட்டார் அந்த அம்மா.

என் விரல் எங்கள் வீட்டுக் கல்லைக் காட்டியது. அதுவும் பச்சைதான். அந்த அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நல்லா மினுங்குதுங்க. இனி அவன் வந்துருவானுங்க.”

அவர் போனபின் ஐயர் நூலைத் தடவிப் பார்த்தார். “நான் குடுத்த கம்பளி எங்கடா தம்பி?”

வேதத்தில் படித்ததைச் சொன்னேன்.

“அஞ்சாங்கிளாசு தாண்டல, சட்டம் மட்டும் வக்கீலாட்டப் பேசறான் பாருங்க!” என்று ஐயரம்மா சிரித்தார்.

ஐயரும் சிரித்தார். “அது மத்த சனத்துக்குடா. ஆசாரியன் உடுப்புல ரெண்டும் கலந்துதான் இருந்துச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. அவனுக்கு மட்டும் அது பரிசுத்தம்.”

அப்படியானால் நான் வாங்கிய பருத்தி நூலே தேவைப்படவில்லை. பொத்தானைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

பாடம் நடந்த ஞாயிறு, அந்த மகன் பேர் இல்லாமலே ஐயர் பதக்கத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூலி கிடைத்ததும், கல் வாங்குமுன் நடந்ததைச் சொல்லிவிட, இரண்டணாவோடு அவர் குடிசைக்குப் போனேன். பூட்டியிருந்தது. மகனைத் தேடி எஸ்டேட்டுக்கே போய்விட்டார் என்றார்கள். திரும்பி வரவேயில்லை. அவர் கண்ணில் ஒற்றியது எங்கள் வீட்டுக் கல்லைத்தானே; அதன் பின்னாலிருந்த எங்கள் பேரைப் பிரித்துவிட்டு அங்கே அந்த மகன் பேரைத் தைத்தேன். ஆனால் அந்தக் கல் எங்கப்பன் காசில் வாங்கியது. அந்த அம்மாவுக்கு நான் தர வேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது: இரண்டணா.