தண்ணீர் ஊற்றும் முன் போட்ட ஐ ஷேடோ

சிதம்பரத்தில் அந்தக் கல்யாண மண்டபத்தை விட்டு வெளியேறி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பந்தியில் இலை போட்டிருந்தார்கள். வேலையை விட்டு அனுப்பப்பட்டவன் அங்கேயே உட்கார்ந்து பாயசம் குடிப்பது எனக்கே நன்றாகப் படவில்லை. பசித்தது. பசி எனக்குப் புதிதில்லை. எரிச்சலைத்தான் தாங்க முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் டிரம் உருட்டினேன், கரும்பு வெட்டினேன், திருப்பூர் போய்ச் சலித்துத் திரும்பினேன். கடைசியாக, கடலூர் செம்மண்டலத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் மேக்கப் பெட்டி தூக்கப் போனேன். லைட் பிடித்து, பிரஷ் கழுவி, ஒரு கட்டத்தில் பிரஷ்ஷைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். அக்கா கிறிஸ்துவர். அவருக்கு வரும் வேலையெல்லாம் பெரும்பாலும் சர்ச் கல்யாணம். நானும் அதைத்தான் பார்த்துப் பழகியிருந்தேன்.

அன்றைக்கு வந்தது மணிவிழா. கணவருக்கு அறுபது முடிந்து, மனைவிக்கு மறுபடியும் தாலி கட்டும் சடங்கு. அவர் நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு ஐம்பத்தேழோ எட்டோ இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மா என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"எங்க கல்யாணத்துக்கு ஒரு போட்டோகூட இல்லப்பா. பிலிமுல வெளிச்சம் பட்டுட்டுது, எல்லாம் போச்சுன்னு அந்த போட்டோக்காரன் கைய விரிச்சிட்டான். தாலி கட்டற போட்டோ ஒண்ணாவது இந்த வாட்டி நல்லா உழணும்."

ஒரே ஒரு படம். அதற்குக்கூட விடமாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூத்த மகள் போனை நீட்டினாள். அதில் இருபது வயதுப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக் காட்டிக்கொண்டிருந்தாள். இமை முழுக்க மயில்நீலம், நடுவில் மினுக்கல்.

"இதே மாதிரி அண்ணா. புடவை பார்டர் மயில்நீலம், அதுக்கு மேட்ச் ஆவணும்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. ரவிக்கை, வளையல், பூ எல்லாம் பார்டருக்குப் பொருந்தியாக வேண்டும். இப்போது அந்த வரிசையில் கண் இமையும் சேர்ந்துவிட்டது. முகத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

"அம்மா இமை கொஞ்சம் எறங்கியிருக்கும்மா," என்றேன். "மினுக்கல் போட்டா சுருக்கத்துல போய் உக்காந்துக்கும். மினுக்கல் இல்லாத பழுப்பு கொஞ்சமா போட்டா கண்ணு பெரிசா தெரியும்."

"அது போட்டா இன்னா, போடலன்னா இன்னா? வெளிய தெரிய வேணாமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். கடலூரில் ஒரு சர்ச் கல்யாணப் பெண் காத்திருந்ததால் அக்கா கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "கஸ்டமர் கேக்கறத போட்டுட்டுப் போடா," என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்.

போட்டேன். கண்ணை மூடச் சொல்லி, வீடியோவில் இருந்தபடியே இமை முழுக்க நீலம். மூடியிருந்தவரை அழகாகத்தான் இருந்தது. அந்த அம்மா கண்ணைத் திறந்தார். நீலத்தைக் காணோம். மேலிருந்து தொங்கிய தோல் அதை அப்படியே மூடிக்கொண்டது. ஓரத்துச் சுருக்கங்களில் மட்டும் மினுக்கல் கோடு கோடாக நின்றது.

"எங்க போச்சு?" என்றாள் மகள்.

"உள்ள போச்சு."

"அப்ப இன்னும் ஜாஸ்தி போடு."

இன்னும் போட்டேன். என் தலையில் அடித்துக்கொள்ளத்தான் கை இல்லை, இரண்டிலும் பிரஷ் இருந்தது.

பிறகு தம்பதியை மேடைக்குக் கூட்டிப் போனார்கள். ஹோமப் புகையில் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. அதுவரை சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஹோமம் முடிந்ததும் இருவரையும் பலகையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக்கொண்டு, மகன், மருமகள், சம்பந்தி என்று ஒவ்வொருவராகக் கலசத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார்கள். குடம் குடமாக.

நான் வாயைப் பிளந்து நின்றேன். மணிவிழாவில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தெரிந்த அத்தனை பேரும், மேக்கப் போடும்போது அந்த அறையில்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாட்டர் ப்ரூஃப் இல்லியா?" என்று மகள் என்மீது பாய்ந்தாள்.

"இவ்ளோ தண்ணிக்கு தார்தாம்மா பூசணும்."

அது நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை.

ஈரப் புடவையோடு அந்த அம்மா அறைக்குள் வந்தபோது கன்னம் வரை நீலம் வழிந்திருந்தது. தாலி கட்டும் கூறைப்புடவையை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே ஐயர் சீக்கிரம் சீக்கிரம் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் துடைத்தேன். வயதான இமையை இழுத்துத் துடைத்தால் சிவந்துவிடும், பஞ்சை ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்க்கச் சொன்னேன். திறந்த கண்ணில் மடிப்பு எங்கே விழுகிறதோ, அதற்குச் சற்று மேலே பழுப்பை விரலால் தட்டித் தட்டிவைத்தேன். மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும் இடத்தில் ஒன்றும் போடவில்லை. கண் எடுப்பாகத் தெரிந்தது.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். "நீ ஒண்ணுமே போடலியேப்பா," என்றார். அதற்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. கணவர் தாலியை எடுத்துக் கட்டினார். அந்த நிமிஷம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அட்சதையை முகத்திலேயே வீசினார்கள். அரிசி வந்து அடித்தால் யாரும் கண்ணை மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள். போட்டோக்காரர் எடுத்த எல்லாப் படத்திலும் அந்த அம்மாவின் கண் மூடியிருந்தது. திறந்த கண்ணுக்காக நான் போட்ட பழுப்பு, மூடிய கண்ணில் இமைக்கு மேலே தனியாக ஒரு பட்டையாக நின்றது. கீழே இமை வெறிச்சென்று இருந்தது.

மகள் கேமராவில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா எனக்குப் போன் போட்டார். "பெட்டிய அங்கயே வச்சிட்டுப் போ. ஆளு அனுப்பி எடுத்துக்கறேன். நீ இனிமே கடைக்கு வராத." போட்டோக்காரருக்கும் நல்ல வசவு. கிளம்பும்போது அவர் என் நம்பரை வாங்கிவைத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இப்படித்தான் நடக்க ஆரம்பித்தேன். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் வழி நெடுக தன் மருமகனைத் திட்டிக்கொண்டு வந்தார். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது போட்டோக்காரர் கூப்பிட்டார்.

"மச்சான், ஒரு வேலை இருக்குது. அந்தம்மா நேத்து படத்த பாத்துட்டு ராத்திரியெல்லாம் சாப்புடலியாம். நெல்லிக்குப்பத்துல ஊட்லயே திரும்ப எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிது. பொண்ணுங்கள்லாம் ஊருக்குப் போயாச்சு. சாமான் இருந்தா எடுத்துக்கினு வா."

பெட்டி என்னிடம் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஃபேன்சி கடை திறக்கும்வரை நின்று, சின்னதாக ஒரு ஐ ஷேடோ செட்டும் ஒரு பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு நெல்லிக்குப்பம் பஸ் ஏறினேன்.

அந்த அம்மா கூறைப்புடவையோடு தயாராக இருந்தார். அவர் கணவர் வேட்டியும் மாலையுமாக நின்றார்.

"கட்டினத அவுக்கக் கூடாது," என்று அந்த அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சும்மா பின்னால முடிச்ச புடிச்சிக்கினு நில்லுங்க, கட்டற மாதிரி."

"எவ்ளோ நேரம் புடிக்கணும்?"

"நான் சொல்றவரைக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எனுக்கு அந்த நீலந்தான் வேணும்பா. நேத்து நீ ரெண்டாவதா போட்டது நல்லாருந்துதுன்னு அவுரு சொல்றாரு. இருக்கட்டும். ஆனா போட்டது தெரியணும்."

இவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. நீலம்தான் வேண்டுமென்றால் நீலம். மினுக்கல் மட்டும் கிடையாது என்று கறாராகச் சொன்னேன். ஜன்னலைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மடிப்புக்கு மேலே முதல் நீலத்தை வைத்தேன்.