தண்ணீர் குடிக்காமல் வந்த அண்ணன்

என் கணவர் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். வேலை நாளில் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். நடுவழியில் நாற்பது பேரை உட்கார வைத்துவிட்டு ஒதுங்க முடியுமா என்பார். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அவருடைய தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். போன வருடம் இவருடைய எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தும் நோய் திரும்பிவிட்டது. இனி ஒரு வழிதான் என்றார் டாக்டர். இவருடைய ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, நோயை அடையாளம் கண்டு தாக்கும்படி ஆய்வகத்தில் மாற்றி, அவளுக்கு ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து நான் ஓய்ந்து போயிருந்தேன். சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்றேன்.

"நாலு மணி நேரம் ரெண்டு கையிலயும் ஊசி இருக்கும், எழுந்திரிக்க முடியாது. முந்தின நாளே நிறைய தண்ணி குடிச்சிடுங்க" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். மனிதர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

அன்று காலை குத்தக் குத்த நரம்பு கிடைக்கவில்லை. ஒருவழியாகக் கிடைத்தும், ரத்தம் சரியாக வராமல், அணுக்களைப் பிரிக்கும் மெஷின் அரை மணியில் கத்திக்கொண்டு நின்றது.

"சார், நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"குடிக்கல. எழுந்திரிக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நர்ஸ் தலையில் கை வைத்தாள். "இது ஆஸ்பத்திரிங்க, உங்க பஸ் இல்ல!" என்று நான் கத்திவிட்டேன். ஆய்வகத்தில் அன்றைய முறையை விட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான். அணுக்களை மாற்றவே சில வாரம் ஆகும்; அதற்கு மேல் ஒரு மாதம் தங்கை தாங்க மாட்டாள். சலைன் ஏற்றி, கழுத்தில் குழாய் போட்டு, சாயங்காலம் வரை எடுத்தார்கள். அளவு குறைவுதான், முயன்று பார்க்கிறோம் என்றார்கள்.

"என் தங்கச்சிய நானே கொன்னுட்டேன்" என்று அன்றிலிருந்து ஓயாத புலம்பல். சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்று சொல்லாமல் இருந்ததே பெரிது.

சில வாரம் கழித்து அணுக்களை ஏற்றினார்கள். அவை வேலை செய்ய ஆரம்பித்தால் பெரும்பாலும் காய்ச்சல் அடிக்கும் என்றார் டாக்டர். ஐந்து நாளாகியும் தெர்மாமீட்டர் அசையவில்லை. கூடப் பிறந்தவளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு வராந்தாவிலேயே கிடந்தார்.

ஆறாம் நாள், தனி அறையிலிருந்து அவள் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, உடம்பு நெருப்பாக் கொதிக்குது."

பிழைப்பாளா என்று தெரிய இன்னும் ஒரு மாதம் ஆகும். அது தெரிந்தும் அவர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"கொதிக்கட்டும்மா. நல்லாக் கொதிக்கட்டும்."