குருவிகளுக்கு வாங்கிய கம்பு

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது, திருவட்டாற்றுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் இது நடந்தது. நான் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவர்தாம். வீட்டைச் சுற்றிச் சிறிய ரப்பர் தோட்டம். மரங்களில் பால் வெட்டுவதும், உறைந்த பாலை ஷீட்டாக அடிப்பதும் அப்பாவே.

என் பாடங்களில் பறவைப் பெயர்கள் ஏராளம். ஆனால் வேலியில் வந்து உட்காரும் ஒரு குருவியைக் காட்டி இது என்ன என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இந்தக் குறை என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டு, குறுக்கே இரண்டு மரக்கரண்டிகளைச் செருகி, கம்பும் தினையும் நிரப்பி, அடுக்களை ஜன்னலுக்கு வெளியே இறவாரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மேசையில் உட்கார்ந்து படித்தபடியே பார்க்கலாம் என்பது என் ஏற்பாடு.

"குருவிக்குன்னு தனியாப் பலசரக்கு வாங்குத வீடு இந்த ஊர்ல நம்ம வீடுதான்," என்றார் அம்மா.

முதலில் சிட்டுக்குருவிகள் வந்தன. பிறகு சில்லைகள், மணிப்புறாக்கள். படங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பெயர் சொல்லும்போது, நெடுநாள் கடிதத்தில் மட்டும் பழகியவர்களை நேரில் சந்திப்பதுபோல இருந்தது. பறவைகள் தின்றதைவிடச் சிந்தியது அதிகம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா காலையில் கூட்டித் தள்ளுவார். மறுநாள் அதே அளவு மீண்டும் கிடக்கும்.

பிறகு குளியல் சோப்பில் பல் பதிந்த தடம் தெரிந்தது. துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் புதிதாக ஒரு வளை. ஒருநாள் மாலை, நல்ல வெளிச்சத்திலேயே, பாட்டிலுக்குக் கீழே இரண்டு எலிகள் எவ்வித அச்சமும் இல்லாமல் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

"ஏட்டி, நீ குருவிக்குத் தீனி போடுதியா, எலிக்குப் போடுதியா? அதக் கழத்தி மாத்து."

"ரப்பர் தோட்டத்துல எலி இல்லாம இருக்குமா அம்மா? இது வாறதுக்கு முன்னாலயும் எலி உண்டும்தானே."

"உண்டும். அது தோட்டத்துல கெடந்துது. நீ விருந்து வச்சு வீட்டுக்குக் கூப்பிட்டுருக்க."

என் வாதத்தில் பிழையில்லை என்றே அப்போது நினைத்தேன். பாட்டிலை இன்னும் சற்று உயரத்தில் கட்டியதோடு சரி. சில நாள் கழித்து ஒரு சாரைப்பாம்பு எலியைத் துரத்திக்கொண்டு துவைகல்லைத் தாண்டிப் போனது. அம்மா போட்ட கூச்சலில் தோட்டத்திலிருந்து கத்தியோடு ஓடிவந்த அப்பா, "சாரதானா? போவட்டு, நம்ம சோலியத்தான் அது பாக்குது," என்று திரும்பிப் போய்விட்டார். அம்மாவுக்கு ஆறவில்லை. அன்று முதல் பொழுது சாயும் முன்பே அடுக்களையின் ஜன்னலையும் கதவையும் இறுகச் சாத்தத் தொடங்கினார். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை.

இந்தச் சமயத்தில்தான் என் வகுப்புத் தோழி, சேர்ந்து படிப்பதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் அவளுடையது. மழையில் பால் வெட்டும் வியாபாரியின் வரவும் நின்றிருந்ததால், முன்பே சேர்த்து வைத்த ஒட்டுப்பால் மூட்டைகள் விற்கப்படாமல் அடுக்களைச் சுவரையொட்டிய சாய்ப்பில் கிடந்தன. பால் வடியும் சிரட்டையிலும் மரப்பட்டையிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பாலைத்தான் ஒட்டுப்பால் என்போம். ஈரம் பட்டால் அது அழுகல் வாடை வீசும். எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று. அவளுக்கு அப்படியில்லை.

"இந்த நாத்தத்துல எப்படிட்டி ஒனக்குச் சோறு எறங்குது?"

"உங்க முற்றத்துல கருவாடு காயும்போ நான் மூக்கப் பொத்தினேனா?"

"கருவாடு நாறாது மக்கா. அதுக்குப் பேரு மணம். மூக்கு நல்லா இருக்கவங்களுக்குத்தான் தெரியும்."

தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். "ரெண்டு நாள் இரு பிள்ளே, பின்ன ஒனக்கும் நாறாது."

அவள் வந்த மறுநாள் விடியற்காலையில் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. நான் எழுந்து முகம் கழுவப் போகும்போது நடையில் வாடை அடித்தது. வழக்கத்தைவிடக் கடுமையாகவே அடித்தது. மூட்டைகள் நனைந்திருக்க வேண்டும், அப்பாவிடம் சொல்லி நகர்த்தி வைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். அம்மா அடுக்களைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கியவர், புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கி என்ன, ஒட்டுப்பாலு இந்த நாத்தம் நாறுது?"

"மூட்ட நனஞ்சிருக்கும்மா."

நான் சொன்ன விடை அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவர் உள்ளே போனார்.

தோழி தோளில் துவாலையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். ஏதோ கேலி பேச வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அவள் முகத்தில் இருந்த தூக்கம் போன வேகத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது.

"ஏட்டி, நேத்து நாறினது இது இல்ல."

"மழையில அப்படித்தான்…"

"இல்லட்டி! இது கேஸு!"

என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "ஆன்ட்டி, பத்த வைக்காதீங்க! பத்த வைக்காதீங்க!"

நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது அடுப்பின்மேல் பால் விடாத கட்டஞ்சாயாவுக்கு வைத்த பாத்திரம் கவிழ்ந்து, தண்ணீர் தரையில் வழிந்துகொண்டிருந்தது. தோழி அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தாள். அந்தக் கையில் லைட்டர் இருந்தது. அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. விருந்தாளிப் பெண் தன்மேல் பாய்ந்துவிட்டாள் என்ற திகைப்பு மட்டுமே அவர் முகத்தில் இருந்தது. உள்ளே அந்த வாடை கண்ணை எரித்தது. அத்தனை நெருக்கத்தில் நின்ற பிறகே, அது ஒட்டுப்பால் இல்லை என்பதை என் மூக்கு ஒப்புக்கொண்டது.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். வாசலில் ஒரு மூச்சு இழுத்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "ஒருத்தரும் சுவிச்சத் தொடாதுங்க, வெளிய எறங்குங்க," என்றார். குரல் உயரவில்லை. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து மழையில் வைத்தார். எந்த நொடியும் கரண்ட் வந்துவிடலாம் என்று சொல்லி, வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சையும் போய் அணைத்தார். நாங்கள் நால்வரும் குடையின்றி மழையில் நின்றோம். வீட்டுக்குள் போகச் சொல்லும் துணிவு யாருக்கும் வரவில்லை.

வாடை முற்றிலும் போன பிறகு, காற்றும் சாரலும் அடுக்களையின் குறுக்கே வீசிக்கொண்டிருக்க, அப்பா குனிந்து பார்த்தார். கேஸ் குழாய் ஓரிடத்தில் கொறிக்கப்பட்டு, உள்ளே வரை பல் இறங்கியிருந்தது. கீழே ஆரஞ்சு நிறத்தில் ரப்பர்த் துகள்கள். எலி இரவு முழுவதும் உள்ளேயே இருந்திருக்கிறது. வெளியே இருப்பதைத் தடுக்க நாங்கள் சாத்திய ஜன்னல், உள்ளே இருந்ததைப் பூட்டி வைத்திருக்கிறது. கசிந்த வாயுவையும் சேர்த்து.

சிலிண்டர் இருந்த இடத்தின் மூலையில், பிய்த்த காகிதமும் துணியும் கலந்த ஒரு குவியல் இருந்தது. அப்பா அதைத் துடைப்பத்தால் வெளியே இழுத்தார். ஒரு கைப்பிடிக்குமேல் தானியம் சிதறியது. கம்பு. நடுநடுவே தினை.

எங்கள் வீட்டில் அரிசியும் மரச்சீனிக் கிழங்கும்தான் வேகும். கம்பு சமைத்ததே இல்லை. அந்த வீட்டுக்குள் கம்பு வருவதற்கு ஒரே வழிதான் உண்டு. அது என் கைவழி. அந்தத் தானியத்தைப் பார்த்தபடி நின்றபோது என் காதுகளில் ஒரு இரைச்சல் கேட்டது. மழையின் ஒலியா, என் இரத்தத்தின் ஒலியா என்று பிரித்தறிய முடியவில்லை. யாராவது என்னை ஏசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்பா தானியத்தை முறத்தில் அள்ளினாரே தவிர, என் பக்கம் திரும்பவில்லை. தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா பின்வாசல் படியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். லைட்டர் இன்னும் அவர் மடியில் கிடந்தது. தமக்கே சொல்லிக்கொள்வதுபோல மெல்லச் சொன்னார்.

"ஒரு தடவ அடிச்சேன் மக்களே. இந்தப் பிள்ள ஓடி வாறதுக்கு முன்ன. மழ ஈரத்துல பொறி விழல்ல."

அப்பாவின் கையிலிருந்த முறம் சாய்ந்து தானியம் மீண்டும் தரையில் கொட்டியது. அதைக் கூட்ட யாரும் குனியவில்லை.

பாட்டிலை அன்றே கழற்றிவிட்டேன். குழாயை மாற்றினோம், இரவில் ரெகுலேட்டரை மூடாமல் இப்போது யாரும் படுப்பதில்லை. ஆனால் இவை எதுவும் என் நடுக்கத்தைப் போக்கவில்லை. அந்த வாடை எல்லோருக்கும் முன்பாக எனக்குத்தான் வந்தது. அதற்கு என்னிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது. பெயர் கிடைத்ததும் நான் முகர்வதை நிறுத்திவிட்டேன். அம்மாவின் ஐயத்தையும் ஒரே வாக்கியத்தில் தீர்த்து, அவரை அந்த அறைக்குள் அனுப்பி வைத்தேன். பொருள்களுக்குச் சரியான பெயர் சொல்வதையே படிப்பாகக் கொண்ட எனக்கு, அந்த வாக்கியம் இன்னும் செரிக்கவில்லை.

இப்போதும் விடியலில் அடுக்களைத் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டால் படுக்கையில் இருந்தபடியே மூச்சை ஆழ இழுத்துப் பார்க்கிறேன். பழகிய வாடைதான் என்று மனம் சமாதானம் சொல்லும் அந்த நொடியில்தான் எனக்கு அச்சம் தொடங்குகிறது.