தொள்ளாயிரத்து இருபது

லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் ஒரே நாளில்தான் எச்.ஐ.வி. சோதனை முடிவை வாங்கினார்கள். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். வீட்டையும் கம்பெனியையும் விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. லிஃப்ட் வேலை என்று ஊரெல்லாம் கட்டடம் கட்டடமாய்த் திரிந்தவர் அவர்தான்.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். தினசரி மாத்திரையோடு ஒரு புரத ஊசியும் போட்டால் நோயை எதிர்க்கிற வெள்ளணுக்கள் பெருகுமா, பெருகினால் ஆளுக்கு நல்லது நடக்குமா என்று பார்க்க வேண்டுமாம். பாதிப் பேருக்கு மட்டும்தான் ஊசி. யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்தது. அவருக்கு விழுந்தது. அவளுக்கு வெறும் மாத்திரை.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஐந்து நாள், காலையும் மாலையும் ஊசி. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி அவளேதான் அவர் தொடையில் போட்டாள். இரண்டாம் நாளே காய்ச்சல் தூக்கிப் போடும். கட்டில் சுவரில் இடிக்கிற மாதிரி நடுங்குவார். அவள் லீவு போட்டு வாந்தி அள்ளினாள்.

அவர் வெள்ளணு எண்ணிக்கை முந்நூற்றுப் பத்திலிருந்து தொள்ளாயிரத்து இருபதுக்கு ஏறியது. அவளுடையது நானூற்றிலேயே நின்றது. ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார் மனுஷன்.

“இனிமே நீ தனித் தட்டுல சாப்பிடு. உன் சோப்ளாங்கி உடம்புல என்னென்ன தொத்திக்கிட்டிருக்கோ.”

“எனக்கு வந்ததே உங்ககிட்டருந்துதானே?”

“அது அப்போ. இப்போ நான் வேற ஆளு.”

தன் அக்காவிடம் போனில், “இவதான் நோயாளி, எனக்கு ஒண்ணுமே இல்ல” என்று சிரித்தார். சமையலறையில் நின்றிருந்தவள் காதில் அது விழுந்தது. அடுத்த தவணை ஊசியையும் வேளை தவறாமல் போட்டாள். கொஞ்சம் அழுத்திக் குத்தினாள், அவ்வளவுதான்.

நாலாம் வருஷம் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“ஊசியை நிறுத்துறோம். எண்ணிக்கை ஏறினது நிஜம். ஆனா ஊசி போட்டவங்களும் மத்தவங்க அளவுக்கே நோயில விழுந்தாங்க, இறந்தும் போனாங்க. காப்பாத்துறது மாத்திரைதான். அதை விட்டுடாதீங்க.”

“அப்போ என் தொள்ளாயிரம்?”

“வெறும் எண்ணிக்கைதாங்க.”

வராந்தாவுக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அத்தனை பேர் பார்க்க அவர் ஓர் அறை விட்டார்.

ஏழு மாதம் கழித்து, ஒரு கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று.

“ஊசியாலயா டாக்டர்?”

“ரத்தக்கொதிப்பும் இருந்துச்சும்மா. எதுன்னு சொல்ல முடியாது.”

அவள் எதிலும் குறை வைக்கவில்லை. குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள், மாத்திரையை நசுக்கிப் புகட்டினாள். அவரோடு பேச மட்டும் மாட்டாள். பக்கத்தில் கொஞ்சம் உட்காரச் சொல்லி, இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவார். கண் நிறைந்திருக்கும்.

அவள் அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்து, ஜன்னல் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள். கம்பெனிக்கு நேரமாகியிருக்கும். கதவை வெளியே பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குவாள்.